கங்காணி லைசென்ஸ்

பிற நாட்டுத் தொழிலாளி ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள விரும்பும் எந்த முதலாளியும், ஆள் வந்து இறங்குவதற்கு முன்பாகவே, தொழிலிலாகாவின் தலைமை அதிகாரியிடம் விண்ணப்பம் செய்து அனுமதி பெற்றாக வேண்டும் என்ற விதி மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் அமலில் இருந்து வருகிறது. ஆட்களை வற்புறுத்தி வேலை வாங்கிய குற்றத்திற்காகவோ ஆள்கடத்தலுக்காகவோ தண்டனையடைந்தவருக்கு அந்த அனுமதி கிடையாது. தொழில் சட்டத்தின்கீழ் பிறந்த உத்தரவை நிறைவேற்றாமல் பாக்கி வைத்திருப்பவருக்கும் கிடையாது. விதியை மீறுவோருக்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறைவாசமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இதைப் படிக்கும் தமிழர்களில் பலர் இதனை இக்காலத்துப் புதுமை என்றே நினைக்கக்கூடும். ஆனால் அதே தேசத்தில், அதே தொழிலிலாகாவின் முன்னோர்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்களுக்கு இதையொத்த அனுமதியை எழுதிக் கொடுத்து வந்தார்கள் என்பதும், அந்த அனுமதிச் சீட்டைச் சுமந்துகொண்டு திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களின் கிராமங்களுக்கு வந்து இறங்கியவரே கங்காணி என்பதும், நம்முடைய சரித்திரத்தில் நாமே நன்கு கவனியாமல் விட்ட விஷயங்களாம்.

அனுமதி என்ற ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்கள் இந்திய சர்க்காரின் நிர்வாகத்தில் இருந்த காலமெல்லாம், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்குவது சட்டத்தின் கண்ணில் ஒரே ராஜ்யத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதேயாதலால், எவருடைய உத்தரவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி அக்குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு, லண்டனிலிருந்த காலனி மந்திரியின் நேரடி ஆதீனத்தில் வைக்கப்பட்டபோது, கடல் அப்படியே இருக்க, சட்டம் மட்டும் மாறிற்று. கூலி வேலைக்காகப் பினாங்குக்குப் போவது தேசாந்தரம் போவதாயிற்று. ஆயினும் சில வருஷங்கள் இம்மாற்றத்தை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. 1870-ஆம் ஆண்டு வாக்கில் சோழமண்டலக் கரையிலிருந்த அதிகாரிகள் திடீரென்று விதியைக் கையிலெடுத்துக் கப்பல்களை நிறுத்த முற்பட்டதும், ஆளின்றித் தவித்த கரும்புத் தோட்ட முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அதன் பலனாக 1872-இல் தற்காலிக விலக்கும், அதன்பின் 1876-இல் ஜலசந்திக் குடியேற்றங்களிலும் 1877-இல் இந்தியாவிலுமாக இரு கரைகளிலும் முறையான சட்டங்களும் ஏற்பட்டன.

அக்காலத்துச் சட்டங்கள் கேட்ட கேள்விகளைக் கவனித்தால் அவற்றின் சுபாவம் விளங்கும். சஞ்சிக்கூலியாக, அதாவது குறித்த காலம் உழைப்பதாக ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலியாக, போகும் ஒருவனை அதிகாரி முன் நிறுத்தி, நீ மனம் ஒப்பிப் போகிறாயா, ஒப்பந்தத்தை உனக்குப் படித்துக் காட்டினார்களா, உடம்பில் நோய் உண்டா என்றெல்லாம் வினவினார்கள். அவன் தலையசைத்துவிட்டால் சர்க்காரின் கடமை பெரும்பாலும் தீர்ந்தது. கடல் கடந்த பிறகு, ஒப்பந்த காலம் முடியாமல் அவன் வேலையை விட்டு ஓடினால் அது தண்டனைக்குரிய குற்றம். அவனை மீட்டுக் கொண்டுவருவதற்குப் போலீசும் மாஜிஸ்திரேட்டும் இருந்தார்கள். எதிர்ப்புறத்தில் அவனை வரவழைத்த முதலாளியின் வீடு எப்படி, நீர் எப்படி, சென்ற வருஷம் அங்கே எத்தனை பேர் மாண்டார்கள் என்பனவற்றை, ஆள் புறப்படுவதற்கு முன்பு வற்புறுத்திக் கேட்பவர் இல்லை. பரீட்சை முழுவதும் கூலியாளுக்கு. முதலாளிக்கோ வெறும் பதிவு. பினாங்கை அடுத்த வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களில் 1870-களில் வெளிவந்த கொடுமைகள் அரசாங்கத்தை உலுக்கிய பின்னரும், இந்தத் திசை உடனே மாறிவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. 1905-க்குப் பின் சில ஆண்டுகளில் அதன் விலை ஏறிய வேகத்தில், காட்டை வெட்டிக் கன்று நட்டவனெல்லாம் ஆள் தேடி அலைந்தான். தன் செலவில் கப்பல் கூலி கொடுத்து வரவழைத்த ஆட்களை, அடுத்த தோட்டத்துக்காரன் ஒரு காசும் செலவிடாமல் ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போவது அன்றாட வழக்கமாயிற்று. இந்தப் பூசலைத் தீர்க்கத்தான் 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்னும் பொது நிதி அமைக்கப்பட்டது. தென்னிந்திய ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், ரயில்வேயும் மராமத்து இலாகாவும் உள்பட, தன்னிடம் உள்ள ஆட்களின் வேலைக்கேற்றபடி அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். அந்தப் பணத்திலிருந்து எல்லோருக்குமான கப்பல் சத்தமும் ரயில் சத்தமும் கொடுக்கப்படும். பிறர் ஆளைக் கவர்ந்துகொண்டவனும் அந்த ஆளுக்கு வரி கட்டியே தீர வேண்டியதாயிற்றாதலால் திருட்டில் லாபம் குறைந்தது. அதைக் காட்டிலும் பெரிய விளைவு வேறொன்று: கடல் கடந்து வந்தவன் பிரயாணக் கடன் ஒன்றுமின்றித் தோட்டத்தில் காலடி வைத்தான். 1910-இல் சஞ்சி முறையும் முடிவுக்கு வந்தது. அதன்பின் மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் வேலை கங்காணி கைக்கே பெரும்பாலும் வந்து சேர்ந்தது.

கங்காணி என்பவர் வெளியிலிருந்து வந்த தரகர் அல்லர். அவரே அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர், அல்லது பத்திருபது பேரை மேய்த்து வேலை வாங்கியவர். ஆள் வேண்டும் என்று கருதிய தோட்டத்துத் துரை, தம் ஆட்களில் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தேர்ந்து, அவர் பெயருக்கு லைசென்ஸ் கோரித் தொழிலிலாகாவுக்கு மனுச் செய்வார். அந்த மனிதர் அத்தோட்டத்தில் சில மாதங்களாவது வேலை செய்தவராக இருக்க வேண்டும். எத்தனை பேரைத் திரட்டலாம் என்பதற்கு வரம்பு உண்டு, பிற்காலத்தில் அது பெரும்பாலும் 20 பேர் என்ற அளவில் நின்றது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் கங்காணி கப்பலேறிச் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இறங்கி, அங்கிருந்த மலாயாக் குடியேற்றக் கமிஷனரின் ஆபீசில் அதைப் பதிவு செய்துகொண்ட பிறகே தம் சொந்த ஊரை நோக்கிப் புறப்படலாம். ஆக, ஒரு தோட்டத்தின் தேவை, இரண்டு தேசத்து ஆபீசுகளின் முத்திரையைத் தாங்கி, ஒரு கிராமத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

அந்தத் திண்ணையில் நடந்ததைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். சீமைக்குப் போய்ச் சம்பாதித்து வந்தவராகக் கருதப்பட்ட கங்காணி, சலவை வேட்டியும் மேல்துண்டுமாகத் தம் தெருவுக்குள் நுழைந்தவுடன், மழை பொய்த்துப்போய்ப் பண்ணையாரிடம் பட்ட கடன் தீராமல் இருந்த உறவினர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். மாமன், மச்சான், பங்காளி என்ற முறை வைத்து அழைத்துப் பேசியே பெயர்களைத் திரட்டுவார் அவர். திரட்டிய பெயர்கள் அவர் நினைவில் இருந்தால் மட்டும் போதாது. ஊர், தாலுகா, வயது ஆகிய விவரங்களுடன் எழுதப்பட்டு, இந்த ஆள் போவதற்கு ஆட்சேபமில்லை என்று கிராம முன்சீப் கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பும் வயது வராத பையனையும், புருஷனுக்குச் சொல்லாமல் புறப்படும் பெண்ணையும், வேறு ஊரில் வழக்கில் சிக்கியவனையும் தடுப்பதற்காகவே அந்தக் கையெழுத்து ஏற்பட்டது. ஆனால் பண்ணையாரின் உறவினராகவே பல ஊர்களில் முன்சீப் இருந்துவிட்ட நிலையில், தம் வயலில் உழும் ஆள் போய்விடக் கூடாதென்று கையெழுத்தை மறுத்தவர்களும், காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களும் உண்டென்பதை எளிதில் ஊகிக்கலாம். மலாயாவின் அனுமதிக்கும் ஆளுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அனுமதி, தமிழ்நாட்டுக் கிராமத்தின் ஜாதி, நில உறவுகளுக்குள்ளேயே புகுந்து நின்றது.

முன்சீப் கையெழுத்தோடு ரயிலேறியவர்கள் நாகப்பட்டினத்து முகாமுக்கோ, சென்னையை அடுத்த ஆவடி முகாமுக்கோ கொண்டுவரப்பட்டார்கள். அங்கே வைத்தியப் பரிசோதனையும் அம்மைப் பாலும். அதன்பின் அதிகாரிகளின் விசாரணை. கப்பல் வந்ததும் ஏறி, சுமார் ஒரு வாரப் பிரயாணத்துக்குப்பின் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் சில தினங்கள் தங்கியபின்தான் தோட்டத்து லாரியோ மாட்டு வண்டியோ வந்து அவர்களை ஏற்றிச் செல்லும். திரும்பி வந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவென்று கமிஷன் கிடைத்தது. பிறகு அவர் கொண்டுவந்த ஆட்கள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு என்று சில சதம் அவர் கணக்கில் ஏறியது. ஆட்கள் ஓய்வெடுத்தால் கங்காணியின் வருமானம் குறையுமாதலால், காய்ச்சலோடு படுத்தவனையும் எழுப்பிப் பெரட்டுக்கு ஓட்டுவதில் அவருக்கிருந்த அக்கறையை விவரிக்க வேண்டியதில்லை. இலங்கையிலும் கங்காணியே ஆள் சேர்த்தார். அங்கே 1901 முதல் தோட்டத்தின் பதிவு எண் பொறித்த தகரத் துண்டொன்றைக் கூலியாளின் கழுத்தில் கட்டி அனுப்பி, வழிச் செலவைத் தோட்டத்தின் பெயரில் எழுதிக்கொள்ளும் முறை நடந்தது.

இவற்றையெல்லாம் வைத்து, கங்காணி லைசென்ஸ் என்பது முதலாளிகள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று மட்டும் கூறிவிடுவோமானால், அதன் சரித்திரத்தில் மிக முக்கியமான ஒரு திருப்பத்தைக் காணத் தவறியவர்களாவோம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில், புதிதாகக் காடு வெட்டிய பல தோட்டங்களில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. சில தோட்டங்களில் ஓர் ஆண்டில் ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கிள்ளான் ஜில்லாவில் சர்க்கார் டாக்டராக இருந்த மால்கம் வாட்ஸன், சதுப்பு நிலத்து நீரை வடித்துவிட்டால் மலேரியா குறையும் என்பதைக் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் நடத்திக் காட்டியிருந்தார். ஆகவே சாவுகளைத் தெய்வ சங்கற்பம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முதலாளிகளால் இயலவில்லை. 1911-இல் தோட்டத் தொழிலாளரின் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நான்கு மலாய் ராஜ்யங்களின் கூட்டரசில் இயற்றப்பட்டது. அதையொட்டித் தொழிலிலாகாவும் உருப்பெற்றது. அதன்பின் ஒரு தோட்டத்துக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம், அந்தத் தோட்டத்தின் லயங்கள் என்னும் குடியிருப்பு வரிசைகளையும், கிணறுகளையும், ஆஸ்பத்திரியையும், மரணக் கணக்கையும் பார்ப்பதற்குரிய நெம்புகோலாயிற்று. ஆள் செத்துக்கொண்டிருக்கும் தோட்டத்துக்குப் புது ஆள் கிடையாது என்று இலாகா கதவைச் சாத்தக்கூடிய நிலை ஏற்பட்டது.

இதன் வலிமை எங்கே இருந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். லயத்தில் கூரை ஒழுகுகிறதென்று துரைமீது வழக்குப் போட்டு அபராதம் விதித்தால், அது சில டாலர். தோட்டக் கம்பெனி அதைக் கட்டிவிட்டுப் பழையபடி இருக்கும். ஆனால் லைசென்ஸ் நின்றுபோனால் பால் வெட்ட ஆளில்லாமல் மரம் வீணாகும். லண்டனிலுள்ள பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எனவே தண்டனையைக் காட்டிலும் மறுப்பே அதிகப் பலன் தந்தது. 1922-இல் இந்திய சட்டசபை இயற்றிய குடியேற்றச் சட்டம் இந்தத் தத்துவத்தை இன்னும் விரித்தது. எந்த தேசத்துக்கு, எந்த நிபந்தனையின்பேரில் கூலியாட்கள் போகலாமென்பதை இந்திய சர்க்கார் அறிவிக்க வேண்டும். சட்டசபையின் இரு மன்றங்களும் அதற்கு இசைய வேண்டும். மலாயாவில் இந்திய சர்க்காரின் ஏஜெண்ட் ஒருவர் வந்து அமர்ந்தார். கூலி விகிதமே இரு சர்க்கார்களுக்கிடையே பேசப்படும் விஷயமாகி, 1920-களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம் என்ற நிர்ணயக் கூலி ஏற்பட்டது. தனியொரு தோட்டத்துக்கு லைசென்ஸ் மறுப்பது போக, தேசம் முழுவதற்குமே லைசென்ஸை மறுக்கும் சக்தி இப்போது இந்தியாவின் கையில் வந்திருந்தது.

அந்தச் சக்தியைப் பிரயோகிக்கும் நாளும் வந்தது. 1930-இல் உலக மந்தத்தால் ரப்பர் விலை விழவே, புதிய ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது; லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் குடியேற்ற நிதியின் செலவிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; நிர்ணயக் கூலியும் படிப்படியாக வெட்டப்பட்டது. நிலைமை தேறத் தொடங்கிய பிறகு, 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் மலாயா சென்று, தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, மறு ஆண்டு அறிக்கை சமர்ப்பித்தார். ஆட்களின் நிலைமையை அவர் அவ்வளவு கடுமையாகக் கண்டிக்கவில்லையென்று அந்நாளிலேயே குறை கூறியவர்கள் இருந்தனர். ஆனால் கங்காணியைக் கொண்டு ஆள் சேர்க்கும் முறையை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டாம் என்பதில் அவர் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1938-இல் தோட்ட முதலாளிகள், மீண்டும் 50 சதத்துக்கு வந்திருந்த ஆண்களின் கூலியை 45-ஆகக் குறைத்தபோது, இந்திய சர்க்கார் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், உதவி பெற்றுக் கூலிவேலைக்குச் செல்லும் பிரயாணத்தையே தடை செய்தது. கங்காணி லைசென்ஸின் கதை அத்துடன் முடிந்தது. அது முடிவதற்குள் தமிழ்நாட்டிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கங்காணிகளின் வழியாகக் கடல் கடந்திருந்தார்கள்.

அனுமதி என்ற கட்டுப்பாடே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் காட்ட அதன்பின் சில ஆண்டுகளே போதுமாயிருந்தன. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பிறகு, சயாம் பர்மா ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எந்த இலாகாவும் எண்ணிப் பார்க்கவில்லை, எந்த ஆஸ்பத்திரிக் கணக்கும் கேட்கப்படவில்லை. போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை.

யுத்தத்துக்குப் பின் அனுமதியின் முகம் மீண்டும் ஒருமுறை திரும்பிற்று. மலேசியா சுதந்திர தேசமான பிறகு, 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரஜையல்லாதவர்களை வேலைக்கு வைக்க பெர்மிட் வேண்டுமென்று விதித்தது. 1969 மே மாதத்துக் கலவரத்தை அடுத்து அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. தோட்டத்து லயங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, பிறப்புப் பத்திரமும் பிரஜாவுரிமைப் பத்திரமும் வாங்கிவைக்க வேண்டுமென்று எவரும் எடுத்துச் சொல்லாமற்போன தமிழர்கள், பிரஜையல்லாதவர்களுக்குரிய சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, தாங்கள் வளர்த்த மரத்தின் நிழலிலேயே அந்நியர்களாக நின்றார்கள். சுமார் 60,000 பேர் தேசத்தை விட்டுக் கிளம்பினார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அன்றைக்கும் கேள்வி முழுவதும் தொழிலாளியை நோக்கியே எழுந்தது: நீ யார், உன் பத்திரம் எங்கே? அவனை ஆண்டுக்கணக்காக வேலை வாங்கிய கம்பெனி, பத்திரம் எடுத்துக் கொடுத்ததா என்ற கேள்வி எழவில்லை.

ஆகவே 2023-இல் வந்த விதி, நல்ல பொருளில், 1911-ஐ ஒட்டிய காலத்துக்குத் திரும்புதலாகும். முதலாளியின் நடத்தையையும் குற்றப் பதிவையும் பார்த்து அனுமதி கொடுப்பது என்பது பழைய மரணக் கணக்கைப் பார்த்து லைசென்ஸ் கொடுத்ததன் வழித்தோன்றலே. தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலிலாகாவின் சான்றிதழ் வேண்டுமென்று 1990-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்துக்குப் பிற்காலத்தில் வந்த திருத்தமும் அதே மரபைச் சார்ந்தது. இன்று அந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்கள் வங்காளதேசத்தாரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும், அவர்களிடையே தமிழர்களும்.

எனினும் ஒரு விஷயத்தில் பழைய ஏற்பாடு புதியதினும் மேலாக இருந்தது என்று கூறினால், கங்காணி முறையின் தீமைகளை நன்கறிந்தவர்களும் மறுக்க மாட்டார்கள். 1920-களில் தோட்டத்தில் வந்து இறங்கிய தமிழனை வரவழைக்கும் லைசென்ஸ் ஒரு தோட்டத்தின் பெயரில் இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த மனிதன் அந்தத் தோட்டத்தின் பெயரில் இல்லை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கூலி கூடுதலாகக் கொடுக்கும் அடுத்த தோட்டத்துக்கு நடந்துவிட அவனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. பொது நிதி கப்பல் சத்தத்தைக் கட்டியிருந்தமையால் பழைய துரை அவனிடம் கடன் பாக்கி கேட்கவும் வழியில்லை. கங்காணியின் மிரட்டலும், சொந்த பந்தத்தின் தளையும், எழுத்தறிவின்மையும் அந்த உரிமையைக் குறுக்கின என்பது உண்மையே. ஆனால் சட்டம் அதைக் குறுக்கவில்லை. இன்றைய தொழிலாளியின் பெர்மிட்டோ ஒரே முதலாளியின் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த முதலாளியை விட்டு நீங்கினால் தேசத்தில் தங்கும் உரிமையே நீங்கும். அனுமதி வழங்கும் சர்க்கார், கொடுக்குமுன் முதலாளியை எவ்வளவு நுணுக்கமாகச் சோதித்தாலும், கொடுத்த பின்பு நித்தியமும் அவரைச் சோதித்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள், பிடிக்காவிட்டால் விலகிப் போகக்கூடிய தொழிலாளிதான். அந்தச் சோதகனின் கால்களைக் கட்டிவைத்துவிட்டு நியமிக்கும் இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேராயினும், அவர்கள் அவன் வேலையை அவனுக்காகச் செய்துவிட முடியாது.